வெளிநாட்டிலிருந்து நிச்சயதார்த்த மோதிரம்: வரியை யார் கட்டுவது, எவ்வளவு வரும்?

கார்முகில்:

ஒரு மோதிரம் விஷயமாகக் குழம்பிப்போய் இருக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் வழி சொன்னால் நன்றாக இருக்கும்.

திருமணம் என்பது எங்கள் இருவருக்குள்ளும் ஏறக்குறைய பேசி முடிந்த விஷயம்தான். ஆனால் மோதிரத்தை மட்டும் அவளுக்குத் தெரியாமல் வாங்கி நீட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. அவள் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறாள். நாள் முழுக்கக் கையுறையைப் போடுவதும் கழற்றுவதுமாக இருப்பாள். கல் எழும்பி, சுற்றிலும் அதைப் பிடிக்கும் நகம் போன்ற கம்பிகள் நிற்கிற மோதிரம் கையுறையைக் கிழித்துவிடும். அதனால் பெசல் செட்டிங்கில், அதாவது கல்லைச் சுற்றித் தங்க விளிம்பை மடித்துக் கட்டியதில், விரலோடு ஒட்டித் தாழ்ந்து உட்காருகிற மாதிரி ஒன்று தேடினேன். மனதில் இருந்த வடிவம் வெளிநாட்டில் ஒரு சின்னப் பட்டறையில்தான் கிடைத்தது. 18 கேரட் மஞ்சள் தங்கம், நடுவில் நீள்வட்ட வைரம், பக்கத்துக்கு ஒரு குட்டி நீலக்கல்.

பணம் கட்டப் போகும்போதுதான் 'இறக்குமதி வரிகள் சேர்க்கப்படவில்லை, வாங்குபவர் பொறுப்பு' என்று ஒரு வரி கண்ணில் பட்டது. வரி எவ்வளவு வரும் என்று தேடினால் ஆளுக்கொரு கணக்கு சொல்கிறார்கள். பட்டறைக்காரருக்கு எழுதிக் கேட்டேன். 'வேண்டுமானால் இன்வாய்ஸில் பாதி விலை போட்டு, பரிசு என்று எழுதி அனுப்புகிறோம்' என்று பதில் வந்தது. அலுவலகத்தில் ஒருவரிடம் சொன்னால், எல்லாரும் செய்வதுதான், பேசாமல் சரி என்று சொல் என்கிறார். எனக்கு என்னவோ உறுத்துகிறது.

இன்னும் இரண்டு கவலை. விரல் அளவு தப்பிப்போய்த் திருப்பி அனுப்பினால், மறுபடி வரும்போது மறுபடியும் வரியா? அப்புறம், நாங்கள் இருவரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். பார்சல் வந்து அவள் கையில் கிடைத்தால் எல்லாம் போச்சு.

தூரதேசி:

இவ்வளவு தலைவலி எதற்கு? அந்த ஊருக்கே ஒரு பயணம் போங்கள். கடையில் வாங்கி, பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு, சுண்டுவிரலில் மாட்டிக்கொண்டு விமான நிலையச் சுங்கத்தின் பச்சை வழியில் நடந்து வந்துவிடுங்கள். விரலில் கிடக்கும் மோதிரத்தை யார் கேட்கப் போகிறார்கள்? எனக்குத் தெரிந்தவர் ஒருவர் அப்படித்தான் கொண்டுவந்தார்.

ரசீதுப்பெட்டி:

தூரதேசி, உங்கள் நண்பருக்கு அதிர்ஷ்டம் இருந்திருக்கிறது, அவ்வளவுதான். வெளிநாட்டில் வாங்கிய பொருள் பையில் இருந்தாலும் விரலில் இருந்தாலும் வெளிநாட்டில் வாங்கிய பொருள்தான். பயணிகளுக்கு உள்ள வரிவிலக்கு வரம்பைத் தாண்டினால் சிவப்பு வழியில் போய்ச் சொல்ல வேண்டும். பச்சை வழியில் நுழைவதே 'என்னிடம் சொல்வதற்கு எதுவும் இல்லை' என்று வாக்குமூலம் கொடுப்பதற்குச் சமம். பிடிபட்டால் வரியோடு நிற்காது. அபராதம் வரும், மோதிரத்தையே எடுத்து வைத்துக்கொள்ளவும் செய்வார்கள்.

நேரில் போய் வாங்குவதில் நேர்மையான லாபமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். பல நாடுகளில் தபாலில் வரும் பொருளைவிடப் பயணி கையில் கொண்டுவரும் பொருளுக்கு விலக்கு வரம்பு அதிகம். ஐரோப்பிய ஒன்றியத்தில் வாங்கினால், அங்கே குடியிருக்காதவர்கள் வாங்கிய மாதத்துக்கு அடுத்த மூன்றாவது மாத முடிவுக்குள் பொருளை வெளியே கொண்டுபோய், கிளம்பும் இடத்தில் சுங்க முத்திரை வாங்கினால், கடையில் கட்டிய வாட் வரியில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும். பிரிட்டனில் கடையில் வாங்கிக் கையோடு கொண்டுபோகிறவர்களுக்கு இருந்த அந்த வசதி 2021 ஜனவரியோடு போய்விட்டது. ஒரு மோதிரத்துக்காக விமான டிக்கெட் எடுப்பது கட்டுப்படியாகுமா என்பது உங்கள் பாடு.

இப்போது கார்முகிலுக்கு. தம்பி, நான் பல வருடம் ஒரு கிளியரிங் ஏஜென்ட், அதாவது சுங்கத்திலிருந்து பொருளை விடுவித்துத் தருபவர், அலுவலகத்தில் உட்கார்ந்து நகைப் பார்சல்களுக்குக் காகிதம் தயார் செய்தவள். எந்த நாட்டில் இருக்கிறாய் என்று நீ சொல்லவில்லை. பரவாயில்லை, விகிதம்தான் நாட்டுக்கு நாடு மாறும், கணக்குப் போடும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான். வரி எவ்வளவு என்று எல்லாரும் முதலில் கேட்பார்கள். நான் முதலில் பார்ப்பது இறக்குமதியாளர் யார் என்பதை. கூரியர் சீட்டில் பெறுநர் இடத்தில் உன் பெயர் இருந்தால், பெரும்பாலும் சட்டத்தின் கண்ணில் இறக்குமதியாளர் நீதான். இன்வாய்ஸை எழுதியது பட்டறைக்காரர், ஆனால் அதை வைத்துச் சுங்கத்தில் தாக்கலாகும் அறிக்கை உன் பெயரில் போகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு அந்தப் 'பாதி விலை, பரிசு' யோசனையைத் திரும்பப் படித்துப் பார். அவர் பொய் எழுதுகிறார், கையெழுத்து உன்னுடையது.

தபாலில் வரும் பொட்டலத்தின் மேல் சிஎன்22 அல்லது சிஎன்23 என்று ஒரு படிவம் ஒட்டியிருக்கும். அதில் பரிசு, விற்பனைப் பொருள், மாதிரி, திரும்பி வரும் பொருள் என்று தனித்தனிக் கட்டங்கள் உண்டு. நீ அவளுக்குப் பரிசாகத்தான் கொடுக்கப் போகிறாய், சரி. ஆனால் சுங்கம் பார்ப்பது எல்லையைத் தாண்டும் அந்தப் பரிமாற்றத்தை. ஒரு தனி ஆள் இன்னொரு தனி ஆளுக்குக் காசு வாங்காமல் அனுப்பினால்தான் அது பரிசு. அதற்கும் ஒரு சின்ன வரம்பு இருக்கும், நிச்சயதார்த்த மோதிரம் அந்த வரம்புக்குள் அடங்காது. கடை அனுப்புவது விற்பனை.

பாதி விலைக்கு வருவோம். நகைப் பார்சல் என்றால் அதிகாரிகள் இன்வாய்ஸை அப்படியே நம்பிவிட மாட்டார்கள். கடையின் இணையதளத்தைத் திறந்து அதே மோதிரத்தின் விலையைப் பார்ப்பார்கள். பணம் கட்டிய கார்டு அறிக்கையைக் கேட்பார்கள். எங்கள் மேசைக்கு அப்படி ஒரு வளையல் வந்தது. இன்வாய்ஸில் ஒரு விலை, பெட்டிக்குள்ளேயே கடைக்காரர் அன்பாக மடித்து வைத்திருந்த அசல் பில்லில் வேறு விலை! வாங்கியவர் போனில் அழாத குறை. பொருள் கிடங்கில் கிடந்தது, கிடங்கு வாடகை ஏறிக்கொண்டே போனது.

அதைவிடப் பெரிய நஷ்டம் காப்பீட்டில். வழியில் தொலைந்தால் காகிதத்தில் எழுதிய மதிப்புக்குத்தான் பணம் கேட்க முடியும். பாதி எழுதினால் பாதிதான். அதிலும், பல கூரியர் நிறுவனங்களின் சாதாரண நிபந்தனைகளில் நகைக்குப் பொறுப்பு மிகக் குறைவு, சில எடுத்துக்கொள்ளவே மாட்டா. நல்ல நகைக்கடைகள் தனியாக ஒரு காப்பீட்டு ஒப்பந்தம் வைத்திருக்கும். 'முழு விற்பனை விலைக்கும், என் கையில் கையெழுத்து வாங்கிக் கொடுக்கும் வரைக்கும் காப்பீடு உண்டா' என்று எழுத்தில் கேள். சாதாரணத் தபாலில் போடுகிறோம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடு. காப்பீடு செய்யாத தபாலில் நகை போடுவது பொதுவாக உலகத் தபால் ஒன்றியத்தின் விதிகளுக்கே ஒத்துவராது.

இப்போது கணக்கு. மோதிரத்தின் விலை 100 என்று வைத்துக்கொள். அனுப்பும் கூலியும் காப்பீடும் 4. பெரும்பாலான நாடுகளில் இந்த 104 மேல்தான் சுங்கவரி. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா போன்ற சில நாடுகள் அனுப்பும் செலவை விட்டுவிட்டு 100 மேல் போடுகின்றன. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதை உலக வர்த்தக அமைப்பின் மதிப்பீட்டு ஒப்பந்தமே அந்தந்த நாட்டிடம் விட்டிருக்கிறது. சுங்கவரி 5 சதவீதம் என்றால் 5.20. ஆக 109.20. இதற்கு மேல்தான் வாட் அல்லது ஜிஎஸ்டி வரும். அது 20 சதவீதம் என்றால் 21.84. மொத்தம் 131.04. இருபதும் ஐந்தும் இருபத்தைந்து என்று 104க்கு மனக்கணக்குப் போட்டு 130 என்று நினைத்தவர்கள் மேலே ஒரு ரூபாய் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். வரிக்கு மேல் வரி, அங்கிருந்துதான். நான் சொன்ன 5, 20 எல்லாம் உதாரணத்துக்கு. உன் நாட்டு விகிதத்தைச் சுங்கத் துறையின் தளத்திலேயே பார். தேடும்போது 7113.19 என்று தேடு. தங்கம், பிளாட்டினம் நகைகளுக்கு பொருள்களை வகைப்படுத்தும் உலக சுங்க அமைப்பின் எச்எஸ் பட்டியலில் உள்ள எண் அதுதான், முதல் ஆறு இலக்கம் எல்லா நாட்டுக்கும் பொது. 'ஜுவல்லரி டியூட்டி' என்று பொதுவாகத் தேடினால் 7117 கண்ணில் படும், அது கவரிங் நகைக்கு உள்ளது.

இதற்கு மேல் கூரியர்காரரின் கட்டணம் ஒன்று உண்டு. உனக்காக வரியை முன்பணமாகக் கட்டி, காகிதம் தாக்கல் செய்ததற்காக அவர்கள் வாங்குவது. வரியே இல்லை என்றாலும் சிலர் இதைக் கேட்பார்கள். அரசாங்கம் வாங்குவதாக நினைத்து ஜனங்கள் சுங்க அதிகாரியைத் திட்டுவார்கள். எங்களுக்கு அது தினசரி வேடிக்கை.

தளத்தில் காட்டும் விலையில் அவர்கள் நாட்டு வாட் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்தாயா? பலர் இதைத் தவற விடுகிறார்கள். ஐரோப்பியக் கடை என்றால் பொதுமக்களுக்குக் காட்டும் விலையில் வாட் அடக்கம். அது லக்சம்பர்க்கில் 17 சதவீதம், ஹங்கேரியில் 27 சதவீதம். ஒன்றியத்துக்கு வெளியே ஏற்றுமதி செய்யும் பொருளுக்கு அந்த வாட் கிடையாது. தளத்தில் 120 என்று இருப்பதில் 20 அவர்கள் வரி என்றால் நீ கட்ட வேண்டிய விலை 100தான். பெரிய கடைகளின் தளம் முகவரியைப் போட்டதும் தானாகக் கழித்துவிடும். சின்னப் பட்டறை என்றால் வாய்விட்டுக் கேட்டால்தான் நடக்கும். பொய் இன்வாய்ஸில் மிச்சம் பிடிக்க நினைத்ததை இதிலேயே பிடித்துவிடலாம், அதுவும் நேர்வழியில்.

அப்புறம் டிடிபியா டிஏபியா என்று கேள். டிடிபி என்றால் வரி எல்லாம் விற்பவர் பொறுப்பு, உன் வாசலில் யாரும் காசு கேட்கக் கூடாது. டிஏபி என்றால் வாசல் வரை கொண்டுவருவது அவர் பாடு, வரி உன் பாடு. சிலர் இன்னும் டிடியு என்று எழுதுவார்கள். இந்தச் சுருக்கங்களை வரையறுக்கும் சர்வதேச வணிக விதிகளான இன்கோடெர்ம்ஸின் 2010 திருத்தத்திலேயே அதை எடுத்துவிட்டார்கள், டிஏபி என்று படித்துக்கொள். உன்னை மாதிரி ரகசியமாக வாங்குகிறவர்களுக்கு டிடிபிதான் நல்லது, வரி கேட்டுப் போன் வருவது பெரும்பாலும் மிச்சம். ஆனால் ஒரு சங்கதி. டிடிபி என்றாலும் பல நாடுகளில் பில் மட்டும்தான் விற்பவருக்குப் போகும், இறக்குமதியாளராக உன் பெயரே இருக்கும், அடையாள அட்டையும் கேட்பார்கள். ஆகவே டிடிபி எடுத்தாலும் இன்வாய்ஸில் உண்மை விலைதான்.

இவ்வளவு பணத்துக்குக் கீழே வரி இல்லை என்று பழைய பதிவுகளில் இருப்பதை நம்பாதே. ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோ வரைக்கும் இருந்த வாட் விலக்கை 2021 ஜூலையில் எடுத்துவிட்டது. அமெரிக்காவில் 800 டாலர் வரைக்கும் இருந்த விலக்கை 2025 ஆகஸ்ட் 29 முதல் நிறுத்திவிட்டார்கள். எங்கே பார்த்தாலும் கதவு இறுகிக்கொண்டுதான் வருகிறது.

அளவு மாற்றத்துக்குத் திருப்பி அனுப்புவது பற்றி இரவு எழுதுகிறேன். அடுப்பில் வேலை இருக்கிறது.

கல்நோட்டம்:

அக்கா சொன்னதெல்லாம் சரி. நான் கல் கட்டுகிறவன். காகிதத்தைப் பற்றி எனக்குத் தெரியாது, மோதிரத்தைப் பற்றி இரண்டு வார்த்தை.

பெசல் செட்டிங்கில் ஒரு சிக்கல் உண்டு. ஜிஐஏ மாதிரி, வைரத்தைப் பரிசோதித்துத் தர அறிக்கை கொடுக்கும் ஆய்வகங்கள் தங்கள் அறிக்கை எண்ணை வைரத்தின் இடுப்பில், அதாவது மேல்பாதியும் கீழ்பாதியும் சேரும் அந்த மெல்லிய ஓரத்தில், லேசரால் பொறிப்பார்கள். நகம் வைத்த மோதிரமாக இருந்தால் பத்து மடங்கு லென்ஸில் சாய்த்துப் பார்த்தே படித்துவிடலாம். பெசலில் விளிம்பு அந்த இடுப்பைச் சுற்றி மடிந்து மூடிவிடும். கட்டிய பிறகு எண்ணைப் படிக்க வழியே இல்லை. கல்லைக் கழற்றினால்தான் உண்டு. அதனால் கட்டுவதற்கு முன்னால் உங்கள் கல்லின் பொறிப்பை நுண்ணோக்கியில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எல்லாக் கல்லிலும் பொறித்திருக்க மாட்டார்கள், இல்லை என்றால் அந்த ஆய்வகத்திலேயே கொடுத்துப் பொறிக்க வைத்து அனுப்பச் சொல்லி பட்டறைக்காரரிடம் கேட்கலாம். அறிக்கை எண்ணை ஜிஐஏ தளத்தில் போட்டு எடை, மில்லிமீட்டர் அளவு எல்லாம் ஒத்துப்போகிறதா என்று நீங்களே சரிபாருங்கள். நல்ல பட்டறைக்காரர் இதற்கெல்லாம் கோபிக்க மாட்டார்.

மோதிரத்தின் உள்பக்கம் 750 என்ற முத்திரை இருக்க வேண்டும். 18 கேரட்டுக்கு அதுதான். 585 இருந்தால் அது 14 கேரட்.

அளவு. அவர் போடுகிற மோதிரம் ஒன்றைக் கொஞ்ச நேரம் எடுத்து உள்விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். ஆனால் எந்த விரலில் போடுகிறார் என்று நிச்சயமாகத் தெரிய வேண்டும், நடுவிரல் மோதிரத்தை அளந்துவிட்டு மோதிரவிரலுக்குச் சொல்லாதீர்கள். அமெரிக்க அளவு 6 என்றால் உள்விட்டம் சுமார் 16.5 மி.மீ. ஐஎஸ்ஓ முறையில் உள்சுற்றளவை மில்லிமீட்டரில் சொல்வார்கள், அதே மோதிரம் அதில் 52. நாட்டுக்கு நாடு எண் மாறும், அதனால் எண்ணைச் சொல்லாமல் மில்லிமீட்டரைச் சொல்லுங்கள். சந்தேகமாக இருந்தால் அரை அளவு பெரிதாகவே வாங்குங்கள். நீங்கள் சொல்லும் வடிவத்தில் கல் மேல்பக்கம் மட்டும்தான், வளையத்தின் கீழ்ப்பாதி வெறும் தங்கம். அங்கே வெட்டிக் குறைத்து ஒட்டுவது எந்த நல்ல பட்டறையிலும் நடக்கும் வேலை. சுற்றிலும் கல் பதித்த வளையமாக இருந்தால்தான் கஷ்டம். அளவு மாற்ற மோதிரத்தை விமானம் ஏற்ற வேண்டியதே இல்லை.

ரசீதுப்பெட்டி:

கல்நோட்டம் சொன்ன கடைசி வரிதான் என் பதிலும். அளவு மாற்றத்தை இருக்கிற இடத்திலேயே செய்துகொள். வேறு யாராவது வெட்டி ஒட்டினால் உத்தரவாதம் போய்விடும் என்று பட்டறைக்காரர் சொல்லக்கூடும். அதை வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடு, முடிந்தால் உள்ளூரில் ஒரு முறை அளவு மாற்றினால் உத்தரவாதம் தொடரும் என்று எழுதி வாங்கு.

அனுப்பியே ஆக வேண்டும் என்றால், சும்மா பெட்டியில் போட்டு அனுப்பிவிடாதே. அப்படிப் போன மோதிரம் திரும்பி வரும்போது சுங்கத்துக்கு அது புதுசாக வாங்கிய மோதிரமாகத்தான் தெரியும், மறுபடி முழு வரி கேட்கும். வேலைக்காக வெளியே போய்த் திரும்பி வரும் பொருளுக்கென்று பெரும்பாலான நாடுகளில் தனி நடைமுறை இருக்கிறது. சுங்க நடைமுறைகளுக்கென்று 2006இல் நடைமுறைக்கு வந்த திருத்தப்பட்ட கியோட்டோ ஒப்பந்தத்தில் அதற்கே ஒரு தனி அத்தியாயம் உண்டு. அந்த வழியில் போனால் செய்த வேலைக்கும் போக்குவரத்துக்கும் மட்டும்தான் வரி. பல இடங்களில் உத்தரவாதத்தில் இலவசமாகச் செய்த வேலைக்கு அதுவும் இல்லை. ஆனால் மோதிரம் வெளியே போவதற்கு முன்பே ஏற்றுமதி அறிக்கை தாக்கலாகியிருக்க வேண்டும். அதில் புகைப்படம், எடை, வைர அறிக்கை எண், 'அளவு மாற்றத்துக்காக, திரும்பி வரும்' என்ற வாசகம், முதலில் வரி கட்டிய ரசீது எல்லாம் சேர வேண்டும். போனதும் வந்ததும் ஒரே மோதிரம்தான் என்று காகிதம் சொல்ல வேண்டும்.

பிடிக்கவில்லை, பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று ஒரேயடியாகத் திருப்பினால்? கடை மோதிர விலையைத்தான் தரும். கட்டிய வரியை உன் நாட்டுச் சுங்கத்திடம் நீ கேட்டு வாங்க வேண்டும். பழுதான பொருள், சொன்னதற்கு மாறான பொருள் என்றால் பல நாடுகள் தரும், காலக்கெடு உண்டு. மனசு மாறிவிட்டது என்பதற்குத் தருவது நாட்டைப் பொறுத்தது. டிடிபியில் வாங்கியிருந்தால் வரி கட்டியது விற்பவர், திரும்ப வந்தாலும் அவருக்குத்தான் வரும். அதை உனக்குத் தருவாரா என்பதையும் முன்பே கேட்டு வை.

பார்சல் ரகசியம்: நல்ல கடைகள் வெளிப்பெட்டியில் நகை என்று எழுத மாட்டார்கள். ஆனால் பெட்டியின் மேல் ஒட்டிய பிளாஸ்டிக் உறையில் சுங்கத்துக்கான இன்வாய்ஸ் இருக்கும், அதில் 'தங்க மோதிரம், வைரம் பதித்தது' என்று தெளிவாகத்தான் இருக்க வேண்டும், 'ஆபரணத் துணைப்பொருள்' என்று மழுப்பினால் பார்சல் நிற்கும். ஆகவே பெட்டி வீட்டுக்கே வரக் கூடாது. கூரியர் கவுன்ட்டரில் நானே வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று போடு. பெயர் அடையாள அட்டையில் உள்ளபடி எழுத்துப் பிசகாமல் இருக்கட்டும். அலுவலக முகவரி கொடுத்தால் வரவேற்பறையில் இருப்பவர் கையெழுத்துப் போட்டு வாங்கிவிடுவார், அத்தோடு காப்பீடும் முடிந்தது.

தூரதேசி:

அக்கா, மேலே பச்சை வழி என்று எழுதியதை விட்டுவிடுகிறேன். ஆனால் ஒரு சந்தேகம். கல்லைத் தனியாக வாங்கி, மோதிரத்தை இங்கேயே செய்தால் வரி குறையுமா?

ரசீதுப்பெட்டி:

குறையலாம். பட்டை தீட்டிய உதிரி வைரத்துக்கு எண் 7102.39. ஐரோப்பிய ஒன்றியம் உட்படப் பல இடங்களில் அதற்குச் சுங்கவரி பூஜ்யம். ஆய்வகத்தில் வளர்த்த வைரம் என்றால் வேறு எண், 7104.91, 2022 பட்டியலில்தான் அதைத் தனியாகப் பிரித்தார்கள். சுங்கவரி போனாலும் வாட் அல்லது ஜிஎஸ்டி போகாது, அதுதானே பெரிய பங்கு. மோதிரத்தில் பதித்துவிட்ட பிறகு கல் தனி, தங்கம் தனி என்று இன்வாய்ஸில் பிரித்து எழுதினாலும் பலனில்லை, அது மொத்தமாக நகைதான்.

கிம்பர்லி சான்றிதழ் வேண்டாமா என்றும் சிலர் கேட்பார்கள். கிளர்ச்சிப் போர்களுக்குப் பணம் திரட்ட விற்கும் வைரத்தைத் தடுக்க 2003இல் வந்த அந்த ஏற்பாடு பட்டை தீட்டாத வைரத்துக்கு மட்டும். மோதிரத்துக்குத் தேவையில்லை.

கார்முகில்:

அக்கா, கல்நோட்டம் அண்ணா, ரொம்ப நன்றி. பட்டறைக்காரருக்கு நேற்றே எழுதிவிட்டேன். முழு விலைதான் இன்வாய்ஸில் வேண்டும், பரிசு வேண்டாம் என்றதும் 'வாடிக்கையாளர்கள்தான் அப்படிக் கேட்பார்கள், அதனால் சொன்னோம்' என்று பதில் போட்டிருக்கிறார். அவர்கள் நாட்டு வாட் விலையில் சேர்ந்துதான் இருந்திருக்கிறது! கழித்துவிட்டுப் புதுக் கணக்கு அனுப்பியிருக்கிறார். டிடிபி செய்வாராம். கூடுதல் தொகை கொஞ்சம் அதிகம் போலத் தெரிகிறது, ஆனால் கழித்த வாட்டே பெரும்பகுதியைத் தாங்கிவிடும். வைரத்தின் இடுப்பைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன், கட்டுவதற்கு முந்தின நாள் அனுப்புகிறாராம். அளவைப் பொறுத்தவரை, சமையலறையில் கழற்றி வைத்த அவள் மோதிரத்தை அளந்துவிட்டேன். 16.7 வருகிறது. மோதிரவிரலில் போடுவதுதான்.

டிடிபி தொகை சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அப்புறம், நேற்றிலிருந்து 'உங்கள் பார்சல் சுங்கத்தில் நிற்கிறது, இந்த லிங்க்கில் வரி கட்டவும்' என்று குறுஞ்செய்தி வருகிறது. இன்னும் ஆர்டரே போடவில்லையே!

ரசீதுப்பெட்டி:

அந்த லிங்க்கைத் தொடாதே, மோசடி. ஆயிரம் பேருக்கு அனுப்பினால் பத்துப் பேராவது நிஜமாகவே பார்சலுக்குக் காத்திருப்பார்கள், அதை நம்பித்தான் வீசுகிறார்கள். ஆர்டர் போட்ட பிறகும் இது வரும், அப்போதுதான் ஏமாறுவது சுலபம். டிராக்கிங் எண்ணைக் கூரியரின் தளத்தில் நீயே தட்டிப் பார், அங்கே கேட்டால் ஒழிய யாருக்கும் காசு இல்லை. டிடிபி என்றால் அங்கேயும் கேட்கக் கூடாது, கேட்டால் கட்டாமல் முதலில் பட்டறைக்காரரைப் பிடி.

தொகை சரியா என்று பார்க்க, மேலே சொன்ன 100, 104 கணக்கில் உன் எண்களைப் போடு. மாற்று விகிதம் மட்டும் கொஞ்சம் தள்ளும். சுங்கம் தான் அவ்வப்போது அறிவிக்கும் விகிதத்தைப் பயன்படுத்தும், உன் கார்டு வங்கி வேறு விகிதம் போடும், வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணமும் சேர்க்கும். இதற்கு மேல் கூரியர் கட்டணமாகக் கொஞ்சம் இருந்தால் நியாயம். ரொம்பத் தள்ளினால் பிரித்துக் காட்டச் சொல். வரி கட்டிய பிறகு சுங்க ரசீதின் நகலை உனக்கு அனுப்ப வேண்டும் என்றும் இப்போதே சொல்லி வை. பின்னால் வெளிநாடு போய்த் திரும்பும்போது இந்த மோதிரம் எங்கே வாங்கியது என்று யாராவது கேட்டால் அவள் காட்டுவது அந்தத் தாளைத்தான்.

கல்நோட்டம்:

16.7 என்றால் 17க்குச் செய்யச் சொல்லுங்கள் தம்பி. பெசல் மோதிரத்தின் தலை அகலமாக இருக்கும், அதே விட்டத்தில் கொஞ்சம் இறுக்கமாகத்தான் உட்காரும். விளிம்பின் உள்பக்கம் தூசி தங்காமல் கழுவ வசதியாகக் கல்லுக்குக் கீழே திறந்துவிட்டிருக்கிறார்களா என்று படத்தில் பாருங்கள். ஆய்வகத்தில் வேலை செய்கிறவர் கையில் கிடக்கப் போகிறது, அடியில் மூடியிருந்தால் ஒரு மாதத்தில் வைரம் மங்கல் அடித்துவிடும்.